மண் இல்லாத இடத்தில் மண்ணின் வேலையை யார் பார்ப்பது?

மண்ணில்லா விவசாயம், ஹைட்ரோபோனிக்ஸ், தண்ணீர்ப் பண்ணை என்று பல பெயர்களில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்துக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஐயா, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். போர் தண்ணீர் உப்பு. மகன் டிப்ளமோ முடித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இப்போது வேலையை விட்டுவிட்டு, மண்ணே வேண்டாம், தண்ணீரிலேயே கீரை வளர்க்கலாம், பத்து சென்ட் போதும் என்கிறான். இரண்டு நாள் பயிற்சிக்கும் போய் வந்தான். குடில் போட வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டுமாம். அவன் அப்பாவுக்கு இஷ்டமில்லை. வீட்டில் தினமும் சண்டை. இது நடக்கிற காரியமா, இல்லை ஈமு கோழி மாதிரி ஆகிவிடுமா?"

நடக்கிற காரியம்தான். அந்த வகையில் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. செடிக்கு வேண்டியது மண் அல்ல. மண்ணில் இருக்கும் சத்தும், நீரும், வேருக்குக் காற்றும், சாயாமல் நிற்க ஒரு பிடிமானமும்தான். இதை ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற இரு அறிஞர்கள் 1860-களிலேயே உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார்கள். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை 1937-ல் பரப்பியவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1946-ல் வங்காளத்தின் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் சரளையும் மணலும் நிரப்பிய தொட்டிகளில், மோட்டார் இல்லாமல், காய்கறி வளர்க்கும் முறையை ஆரம்பித்தார். ஆகவே இது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் இதை விற்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை, மீதி சொல்லாமல் விட்டது. வீட்டுப் பத்திரம் போவது அந்தச் சொல்லாமல் விட்ட பாதியில்தான்.

மண் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உரத்தை இன்று போட்டால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அளவு கூடினாலும் குறைந்தாலும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. தண்ணீரில் இருக்கும் காரத்தை உடனே வேருக்குக் காட்டிவிடுவதில்லை. மேலே வெயில் கொளுத்தினாலும் நான்கு விரல் ஆழத்தில் வேருக்குக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. இரண்டு நாள் மோட்டார் ஓடாவிட்டாலும் செடியைக் காப்பாற்றுகிறது. இத்தனையும் சம்பளம் வாங்காமல் செய்கிறது. மண்ணை எடுத்துவிட்டால் இந்த வேலைகள் மறைந்துவிடாது. அவை அப்படியே பண்ணைக்காரர் தலையில் வந்து விழும், அதுவும் தினமும். 'வேலை குறைவு, வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்' என்பதுதான் புதிதாக வருகிறவர்களைக் கெடுக்கும் முதல் தவறான எண்ணம். களை எடுப்பு இல்லை, பார் போடுவது இல்லை என்பது உண்மை. அதற்குப் பதில் காலையும் மாலையும் கரைசலைச் சோதிக்க ஆள் வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்று மூன்று நாள் வெளியூர் போனால், வேறொருவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அம்மா கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிச் செல்லும் ஒரு சொல்தான் இந்த விஷயத்தில் முக்கியமானது: போர் தண்ணீர் உப்பு.

நிலமும் தண்ணீரும் கெட்ட இடத்துக்கு மண்ணில்லா விவசாயம் தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். நிலம் கெட்ட இடத்துக்குச் சரி. தண்ணீர் கெட்ட இடத்துக்கு இது தலைகீழ். உப்புத் தண்ணீரை மண்ணில் தென்னையோ, பருத்தியோ, தீவனப்புல்லோ ஓரளவு தாங்கும். கரைசலில் வளரும் லெட்யூஸ் கீரை தாங்காது.

கணக்கு இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை மின் கடத்தும் திறன், அதாவது இ.சி. என்ற எண்ணால் அளக்கிறோம். லெட்யூஸ் போன்ற கீரைக்கு உரம் கலந்த கரைசலின் இ.சி. 1.2 முதல் 1.8 வரை இருக்கலாம். மழைநீரில் ஆரம்பித்தால் இ.சி. ஏறக்குறைய சைபர், முழு இடத்தையும் உரத்துக்கே கொடுக்கலாம். போர் தண்ணீரிலேயே இ.சி. 1.2 இருந்தால், 1.5-க்குக் கொண்டுபோக உரத்துக்கு மிஞ்சுவது 0.3 மட்டும். மற்றதெல்லாம் செடி கேட்காத சோடியமும் குளோரைடும், தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்பும். கருவி 1.5 என்று காட்டும். செடி பட்டினி கிடக்கும். போதாது என்று உரத்தைக் கூட்டினால் இலை ஓரம் கருகும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க, அது தொடாத உப்பு தொட்டியில் சேர்ந்துகொண்டே போவதும் உண்டு.

இன்னொன்று கார அமில நிலை. கரைசலின் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருப்பதால் பி.எச். ஏழரை, எட்டு என்று மேலே இழுத்துக்கொண்டு போகும். அந்த நிலையில் இரும்புச் சத்து கரைசலில் நிற்காமல் படிந்துவிடும். புதுத் துளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எலுமிச்சைச் சாறு ஊற்றினால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். ஊற்றிய அன்று சரியாகும். இரண்டொரு நாளில் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தின்றுவிட, பி.எச். பழைய இடத்துக்கே வரும். பண்ணைகளில் பாஸ்பாரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ அளந்து சேர்ப்பதுதான் வழக்கம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அமிலக் கேனைக் கையாளுவது பற்றியும் யோசிக்க வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

ஆர்.ஓ. எந்திரம் வைத்தால் தீரும்தானே என்று மகன் கேட்பார். தீரும். ஆனால் உள்ளே போகும் நீரில் ஒரு பெரிய பங்கு கழிவாக, முன்னைவிட உப்பாக வெளியே வரும். அதை எங்கே விடுவது? சொந்த நிலத்தில் விட்டால் அந்த ஒன்றரை ஏக்கரும் கெடும். மழைநீர் நல்ல வழி. ஆயிரம் சதுர அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து மூடிய தொட்டியில் வைத்தால் சிறிய அளவுக்குப் போதும். பத்து சென்ட் குடிலுக்கு வருஷம் முழுக்கப் போதுமா என்று தொட்டிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆகவே கடனுக்கு முன், குடிலுக்கு முன், தண்ணீர்ப் பரிசோதனை. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். தர்மபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். இ.சி., பி.எச்., சோடியம், கால்சியம், பைகார்பனேட் எல்லாம் எழுதி வாங்க வேண்டும். இ.சி. 0.5-க்குள் இருந்தால் நிம்மதி. ஒன்றைத் தாண்டினால், கீரைக் குடில் யோசனையை அந்தத் தண்ணீரை நம்பி எடுக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது உரம். '19:19:19 எல்லாச் சத்தும் உள்ளது, தண்ணீரில் கரையும், அதையே போடலாம்' என்று ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர். அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. இருக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. யூரியாவைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள். வெறும் கரைசலில் அந்த வேலை ஒழுங்காக நடக்காது. செடி பத்து நாள் பச்சையாக இருக்கும், பிறகு நுனி கருகி நிற்கும். செடிக்கு அவசியமான சத்துகள் 17. கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் வந்துவிடும். மீதி 14-ம் கரைசலில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மண்ணிலிருந்து கடன் வாங்க வழியில்லை.

இதற்காக ஆன்லைனில் விலை உயர்ந்த பாட்டில் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. சொட்டுநீர் உரம் விற்கும் கடையிலேயே எல்லாம் கிடைக்கும்: கால்சியம் நைட்ரேட், 13:0:45 என்கிற பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்கிற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், செலேட் வடிவில் இரும்பு சேர்ந்த நுண்ணூட்டக் கலவை. ஒரே எச்சரிக்கை, கால்சியம் நைட்ரேட்டை மற்றவற்றோடு கெட்டியாகக் கலக்கக் கூடாது. கலந்தால் பாஸ்பேட்டும் சல்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் படியும். அதனால்தான் பண்ணைகளில் 'ஏ' கேன், 'பி' கேன் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கே இயற்கை விவசாய நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன பட்டியலில் இருப்பது எல்லாம் ரசாயன உரம். 'ஹைட்ரோபோனிக் கீரை என்றால் ஆர்கானிக்' என்று கடைகளில் ஒட்டி விற்பதைப் பார்க்கிறோம். பூச்சிமருந்து அடிக்காமல் வளர்த்திருக்கலாம், அது வேறு. ஐரோப்பிய நாடுகளின் இயற்கை வேளாண் சட்டம் இந்த முறையை அனுமதிப்பதே இல்லை. அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது, அங்கும் அதன் மேல் சண்டை ஓயவில்லை. அப்படியானால் பஞ்சகவ்யாவையும் ஜீவாமிர்தத்தையும் தொட்டியில் ஊற்றலாமா என்று கேட்டு மட்டும் ஏழெட்டுக் கடிதங்கள். வேண்டாம். மண்ணில் அவை நுண்ணுயிர்களுக்குத் தீனி. தொட்டியில் அவை அழுகி, வேருக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தின்றுவிடும். குழாயும் அடைக்கும், நாற்றமும் வரும். நல்ல பொருளைத் தவறான இடத்தில் வைப்பது அது.

தண்ணீர் மிச்சம், மகசூல் பத்து மடங்கு என்கிற பேச்சுக்கு வருவோம். இது முழுப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். 2015-ல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதிக்கு லெட்யூஸ் சாகுபடியை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் வருஷத்துக்கு வயலில் ஏறக்குறைய 4 கிலோ, குடிலில் 41 கிலோ. ஒரு கிலோவுக்குத் தண்ணீர் வயலில் 250 லிட்டர், குடிலில் 20 லிட்டர். விளம்பரங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும். அதே கணக்கின் அடுத்த வரி, எரிசக்தி: ஒரு கிலோவுக்கு வயலில் 1,100 கிலோஜூல், குடிலில் 90,000 கிலோஜூல். நம் மீட்டர் கணக்கில் சொன்னால் ஒரு கிலோ கீரைக்கு 25 யூனிட். பெரும்பகுதி குடிலைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஆன செலவு. நம் ஊரில் சூடாக்க வேண்டியதில்லை, குளிர்விக்க வேண்டும். குளிர்விக்க ஈரத் திரையும் விசிறியும் வைத்தால் அந்தத் திரை குடிக்கும் தண்ணீர் வேறு.

மகசூல் கூடுவது மண் இல்லாததால் அல்ல. நெருக்கி நடுவதால், நாற்றை வேறு இடத்தில் வளர்த்து அறுத்த மறுநாளே நடுவதால், வருஷத்தில் போகங்கள் கூடுவதால். கெரிக் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில் ஹோக்லாண்ட், அர்னான் என்ற இருவர் இதைச் சோதித்து 1938-ல் எழுதினார்கள்: அதே வெளிச்சமும் அதே பராமரிப்பும் கொடுத்தால் நல்ல மண்ணும் கரைசலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விளைகின்றன. இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் படிக்கும் உரக் கரைசல் அந்த ஹோக்லாண்டின் பெயரில்தான் இருக்கிறது. அதைச் செய்தவரே சொன்ன பேச்சு இது. அடுக்கடுக்காக நட்டால் பத்து சென்ட் ஒரு ஏக்கர் ஆகிவிடும் என்பதும் அப்படித்தான். மேல் அடுக்கு வெயிலை எடுத்துக்கொண்டால் கீழ் அடுக்கு நிழலில் நீண்டு வெளிறும். அதற்கு எல்.இ.டி. விளக்கு போட்டால், இலவசமாக வந்த சூரியனுக்கு மாதாமாதம் பில் கட்டுகிற கதை.

சூடுதான் நம் பக்கத்தில் நிஜமான எதிரி. தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் காற்று குறைகிறது. பித்தியம் என்ற வேரழுகல் பூசணம் காத்திருந்து அப்போதுதான் புகும். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி வழவழக்கும், நடுப்பகலில் செடி தொங்கும். வயலில் வேரழுகல் ஒரு மூலையில் ஆரம்பித்து மெல்லப் பரவும். சுற்றி ஓடும் கரைசலில் எல்லாச் செடியும் ஒரே தொட்டியில் குடிப்பதால், இரண்டு மூன்று நாளில் குடில் முழுக்கப் போய்விடும். 'மண் இல்லை, அதனால் நோய் இல்லை' என்பது எவ்வளவு தூரம் சரி என்று இதிலேயே தெரியும். வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் ஆகியவற்றுக்கும் மண் தேவையில்லை.

குழாயில் மெல்லிய படலமாக நீர் ஓடும் என்.எஃப்.டி. முறைதான் படங்களில் அழகாக இருக்கிறது. மகன் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். சித்திரை மதியத்தில் ஒரு மணி நேரம் கரன்ட் போனால் அந்தக் குழாயில் வேர் காய ஆரம்பிக்கும். இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இல்லாமல் கிராமத்தில் அதைப் போடுவது சூதாட்டம். தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி என்றால் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் சொட்டுநீர் கொடுத்து வளர்ப்பது நம் ஊருக்குப் பொருத்தமானது. நார்க்கழிவு சில மணி நேரமாவது ஈரம் பிடிக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நெதர்லாந்து வரைக்கும் கப்பலேறிப் போகிற சரக்கு இது. வாங்கும்போது கழுவி உப்பு நீக்கியதா என்று பார்த்து வாங்க வேண்டும். கழுவாத நார்க்கழிவில் உப்பு நிறைய இருக்கும்.

இனி விற்பனை. குடிலுக்குள் கீரை வளர்வது பாதிக் கிணறு. நாற்பது நாளில் வரும் லெட்யூஸை தர்மபுரி உழவர் சந்தையில் யார் வாங்குவார்கள்? அது பெங்களூரு, சென்னை ஓட்டல்களுக்கும் பெரிய கடைகளுக்கும் போகிற பொருள். அங்கே நீலகிரியில் மண்ணிலேயே, மலைக் குளிரிலேயே விளைந்த லெட்யூஸோடு விலையில் மோத வேண்டும். சரி, சிறுகீரை போடலாம் என்றால், பக்கத்துத் தோட்டத்தில் விதையைத் தூவி இருபத்தைந்து நாளில் பிடுங்குகிற பாட்டியோடு போட்டி. கட்டுக்குக் கட்டு அந்தப் பாட்டிதான் ஜெயிப்பார்.

'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று குடில் போட்டுத் தருகிறவரே வாக்குக் கொடுத்தால், அங்கேதான் ஈமு ஞாபகம் வர வேண்டும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் என்ன நடந்தது என்று கொங்கு மண்டலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பறவையில் தவறில்லை, விற்றவரே வாங்குவார் என்று நம்பியதில்தான் தவறு. குடில் விற்கிற எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. வாங்குவது யார், எந்த விலைக்கு, எத்தனை மாதத்துக்கு என்பதைக் குடில்காரர் அல்லாத ஒருவரிடமிருந்து, ஓட்டலோ கடையோ, எழுதி வாங்கிய பிறகு கடனைப் பற்றிப் பேசலாம். மானியம் வரும் என்று யாராவது வாயால் சொன்னாலும் போதாது; வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த வருஷம் நிதி இருக்கிறதா, எப்போது கையில் வரும் என்று நேரில் கேட்க வேண்டும். வேலை முடிந்து பார்வையிட்ட பிறகு வருகிற பணத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கினால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

மகனின் ஆசையை அடக்கவும் வேண்டாம். பத்திரத்தை எடுக்காமல் ஆரம்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் க்ராட்கி என்பவர் பரப்பிய முறை. மோட்டாரும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம். இருபது லிட்டர் பிடிக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, உள்ளே கறுப்பு பாலிதீன் தாள். மூடியில் நான்கு ஓட்டை, அதில் கழுவிய நார்க்கழிவு நிரப்பிய சிறு வலைக் கிண்ணங்கள். 20 லிட்டர் மழைநீரில் முதலில் கால்சியம் நைட்ரேட் 12 கிராம் போட்டு நன்றாகக் கரைக்க வேண்டும். மற்றவற்றைத் தனியாக ஒரு வாளி நீரில் கரைத்துப் பிறகு சேர்க்கலாம்: 13:0:45 உரம் 7 கிராம், 0:52:34 உரம் 3 கிராம், மக்னீசியம் சல்பேட் 7 கிராம், செலேட் நுண்ணூட்டக் கலவை அரை கிராம். கைப்பிடி அளவு, டீஸ்பூன் அளவு எல்லாம் இங்கே செல்லாது; கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். பி.எச்., இ.சி. மீட்டர்கள் இரண்டும் வாங்கியே ஆக வேண்டும். இந்தப் பரிசோதனையில் செலவு என்று சொல்ல அதுதான்.

கிண்ணத்தின் அடி ஒரு விரற்கடை நனையும்படி கரைசல் நிற்கட்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் நிற்கும் வேர் காற்றை வாங்கும், கீழே உள்ளது நீரை வாங்கும். பயந்துபோய் மறுபடி விளிம்பு வரை நிரப்பினால் அந்தக் காற்று வேர்கள் மூழ்கிச் செத்துவிடும். புதியவர்கள் கீரையைக் கொல்வது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு லெட்யூஸ் அறுவடை வரை ஏறக்குறைய 4 லிட்டர் குடிக்கும் என்பதால் நான்கு செடிக்கு இருபது லிட்டர் தாராளம். வெளிச்சம் உள்ளே போகக் கூடாது. போனால் பாசி பிடிக்கும். நிழல்வலைக்கு அடியிலோ, காலை வெயில் மட்டும் விழும் திண்ணையிலோ வைக்கலாம். கார்த்திகை, மார்கழியில் லெட்யூஸும் பாலக்கும் நன்றாக வரும். கோடைக்குப் புதினா, துளசி. அல்லது குளத்தோரம் தானாகவே வளர்கிற வள்ளைக்கீரை. வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குப் பழக்கம்.

ஒரு பெட்டியில் வந்தால் ஐந்து பெட்டி, பிறகு பத்து. தினமும் தேதி, பி.எச்., இ.சி., நீரின் சூடு, இலையின் நிறம் ஆகியவற்றை நோட்டில் எழுத வேண்டும். ஒரு கத்திரி வெயிலையாவது இப்படித் தாண்டிய பிறகு, அந்த நோட்டையும் விற்ற கணக்கையும் வைத்துக்கொண்டு அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசட்டும். பத்திரம் அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மற்றக் கடிதங்களிலிருந்து சில.

நாமக்கல் மாவட்டத்தில் நான்கு கறவை மாடு வைத்திருக்கும் வாசகர்: "ஒரு கிலோ மக்காச்சோளத்தில் எட்டு நாளில் எட்டு கிலோ பசுந்தீவனம் வருமாம். மெஷின் வாங்கலாமா?"

நல்ல பராமரிப்பில் ஐந்து, ஆறு கிலோ வரும். ஆனால் அந்த எடையில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்தில் 880 முதல் 900 கிராம் வரை உலர் பொருள் இருக்கிறது. முளைவிட்டு வளர்ந்த பாயை அதே மாதிரி காயவைத்துப் பார்த்தால் 700 அல்லது 800 கிராம்தான் தேறும். முளைக்கும்போது விதை தன் மாவுச்சத்தை எரித்துத்தான் வளர்கிறது. வெளியிலிருந்து எதுவும் சேர்வதில்லை. மாடு விரும்பித் தின்னும், செரிக்கும், உயிர்ச்சத்தும் கூடுதல். வறட்சியில், பசும்புல்லே இல்லாத வீட்டில், கொஞ்சமாகக் கொடுப்பதில் பலன் உண்டு. இதை நம்பி அடர்தீவனத்தையும் உலர்தீவனத்தையும் குறைத்தால் பால் இறங்கும். பத்து சென்ட் நிலமும் தண்ணீரும் இருந்தால் கோ 4 அல்லது கோ (பி.என்.) 5 கம்பு நேப்பியர் கரணையும், வரப்பில் அகத்தியும், ஒரு பாத்தியில் வேலிமசாலும் நடுவது மெஷினைவிட மேல். தட்டில் முளைக்கவைத்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: பூசணம் பிடித்த பாயை மாட்டுக்குக் காட்டவே கூடாது, குப்பைக்குழிதான். விதைக்கென்று மருந்து கலந்து விற்கும் மக்காச்சோளத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

கடலூரிலிருந்து ஒரு வாசகி: "மாடியில் பெட்டி வைத்தேன். டெங்கு கொசு என்று சுகாதாரப் பணியாளர்கள் வந்து கொட்டச் சொல்கிறார்கள்."

அவர்கள் சொல்வது சரி. அசையாத சுத்தமான நீரில்தான் அந்தக் கொசு முட்டையிடும். மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள இடுக்கை டேப் ஒட்டி அடைக்க வேண்டும். கிண்ணத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால் கொசுவலைத் துணியைச் சுற்றலாம். வாரம் ஒரு நாள் மூடியைத் தூக்கிப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றுவது கூடாது, வேர் செத்துவிடும். அறுவடை முடிந்த பெட்டியை நீரோடு விட்டுவைக்கக் கூடாது.

திண்டுக்கல் வாசகர்: "மிஞ்சிய கரைசலை என்ன செய்வது?"

கிணற்றிலோ ஓடையிலோ ஊற்ற வேண்டாம். அதில் நைட்ரேட் இருக்கிறது. ஒரு பங்கு கரைசலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கோ தென்னைக்கோ விடலாம். ஒரே மரத்துக்கே ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றினால் போதும்.